வாய் அகன்ற தொட்டி

பிரிக்பீல்ட்ஸ்,
20 பிப்ரவரி 2022

அன்புள்ள அண்ணா,

அப்பாவும் நானும் இங்கே சுகம். உங்கள் உடம்பு அந்தக் குளிருக்குப் பழகிவிட்டதா என்று முதல் வரியிலேயே கேட்கச் சொன்னார் அப்பா. கேட்டுவிட்டேன்.

கடைசியாகத் துபாயிலிருந்து பேசியபோது, "இனிமேல் போன் கிடையாது பிரேமி, வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள். துபாய் அஞ்சல் பெட்டிக்குக் கடிதம் போடு, தமிழில் போடு" என்றீர்கள். ஆங்கிலமென்றால் உங்கள் கைக்கு வருவதற்குள் பத்துப் பேர் படித்துவிடுவார்கள், தமிழ் படிக்க அங்கே ஆளே இல்லை என்றீர்கள். பள்ளிக்கூடத்துக் கடைசி எஸ்பிஎம் பரீட்சையோடு நின்ற தமிழ் என்னுடையது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் செய்தி ஒன்று. கிள்ளான் தொழிற்சாலையில் என்னை வடிவமைப்புப் பகுதிக்குத் தலைவியாக்கிவிட்டார்கள். அதே வேலைதான்: கார்பன் இழையைப் பசையில் நனைத்து, நூற்கண்டு மாதிரி சுற்றிச் சுற்றி, பஸ்களுக்கு எரிவாயுத் தொட்டி செய்வது. இப்போது பன்னிரண்டு பேர் என் பேச்சைக் கேட்கிறார்கள். அல்லது கேட்பதுபோலத் தலையாட்டுகிறார்கள்.

ஷா ஆலம் கம்பெனி உங்களை வீட்டுக்கு அனுப்பிய பிறகு நீங்கள் சும்மா இருந்த காலத்தில் அப்பா கோயில் பக்கம் போவதையே குறைத்துக்கொண்டார். இப்போது ஒரு வெள்ளிக்கிழமை விடுவதில்லை. கோயிலில் யாரைப் பார்த்தாலும், "மகன் வெளிநாட்டில் ஹைட்ரஜன் பஸ் விடுற புரொஜெக்டில இருக்கிறான்" என்கிறார். "எந்த நாடு?" என்று கேட்டால் மட்டும் முழிக்கிறார். அதையாவது எழுதுங்கள்.

உங்கள் தங்கை,
பிரேமினி


2 ஏப்ரல் 2022

அன்புள்ள பிரேமிக்கு,

உன் கடிதம் ஐந்து வாரம் சுற்றிக்கொண்டு வந்து சேர்ந்தது. எனக்கு ஒரு குறையும் இல்லை. அப்பாவின் இரத்த அழுத்தம் எப்படி? மாத்திரையை ஒளித்து வைக்கிறாரா, போடுகிறாரா?

நாட்டின் பெயரை எழுத வேண்டாம் என்று கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். போட்டிக் கம்பெனிகள் அதிகம், அதனால்தான். மலை அடிவாரம். காலையில் தட்டையான ரொட்டி, வெண்ணெய், இனிப்பில்லாத தேநீர். மரியாதையாக நடத்துகிறார்கள். நாற்பத்தாறு வயது ஆளை "ஐயா" என்று எழுந்து நின்று கூப்பிடுகிறார்கள். ஷா ஆலமில் என் மேசையைக் காலி செய்ய ஒரு செக்யூரிட்டியை அனுப்பினார்களே, அது நினைவுக்கு வருகிறது.

தலைவியானதற்கு வாழ்த்து. சும்மா சொல்லவில்லை. நம் வீட்டில் உண்மையான இஞ்சினியர் நீதான். அந்த இஞ்சினியரிடம் ஒரு கேள்வி. இங்கே நாங்கள் சுற்றுகிற தொட்டி பெரியது, ஒரு ஆள் உள்ளே குனிந்து நடக்கலாம். அழுத்திப் பார்க்கும்போது வயிறு தாங்குகிறது, வயிறும் கழுத்தும் சேருகிற இடத்தில் விரிசல் விடுகிறது. மூன்றாவது தொட்டியும் போய்விட்டது. படம் ஒன்று கையால் வரைந்து வைத்திருக்கிறேன். உனக்கு ஏதாவது தோன்றுகிறதா? இங்கே யாரையும் கேட்க எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அப்பாவுக்கு என் வணக்கம்.

அன்புடன்,
சிவேந்திரன்


பிரிக்பீல்ட்ஸ்,
15 மே 2022

அன்புள்ள அண்ணா,

அப்பா மாத்திரையை ஒளிப்பதில்லை, துப்புகிறார். மற்றபடி இருவரும் சுகம். உங்கள் படம் என் கைப்பையிலேயே இருக்கிறது. இரண்டு வாரமாகக் கொமியூட்டர் ரயிலில் அதைத்தான் விரித்து வைத்துக்கொண்டு போகிறேன். எதிரில் உட்கார்ந்த ஒரு மாக்சிக், வயதான மலாய்க்கார அம்மா, எட்டிப் பார்த்து, "குழந்தைக்குத் தொட்டிலா?" என்று மலாயில் கேட்டாள்.

உங்கள் ஆட்கள் கழுத்துக்கு வந்ததும் அவசரப்படுகிறார்கள். எங்களுக்கும் ஆரம்பத்தில் இதே தொல்லைதான். அந்த வளைவில் இழை வழுக்குகிறது, வழுக்கிய இடம் மெலிகிறது, அங்கேதான் பிளக்கிறது. என்ன செய்யலாம் என்று தனித்தாளில் எழுதி, படத்தின் மேலேயே சிவப்பில் திருத்தியிருக்கிறேன். கழுத்தைச் சுற்றி நான் போட்டிருக்கிற அகலமான பட்டை அசிங்கமாகத் தெரியும். தெரியட்டும், தாங்கும்.

ஒன்று கேட்க வேண்டும். எங்கள் தொட்டிக்கு வாய் ஒரு தேநீர்க் கோப்பை அளவுதான் இருக்கும். வாய் சிறியதாக இருந்தால்தானே வாயு நிற்கும்? உங்கள் படத்தில் ஒரு பக்கம் வாய் குடையளவு அகலம். பஸ்ஸில் இதை எங்கே வைப்பீர்கள்?

இதைக் கேட்டுவிட்டேன் என்பதற்காக நான் சந்தோஷப்படவில்லை என்று நினைக்காதீர்கள். நீங்கள் என்னிடம் ஒரு வேலை விஷயம் கேட்டது இதுதான் முதல் தடவை.

அன்புடன்,
பிரேமினி


9 ஆகஸ்ட் 2022

அன்புள்ள பிரேமிக்கு,

நலம். நீயும் அப்பாவும் நலமாயிருக்க வேண்டும்.

தாங்கியது! எல்லோரும் கை தட்டினார்கள். மேலதிகாரி வந்து என் தோளைப் பிடித்துக் கட்டிக்கொண்டார். "யார் சொல்லிக் கொடுத்தது?" என்றார். "என் தங்கை" என்றேன். சிரித்தார், நம்பவில்லை. அன்றைக்கு மத்தியானம் ஆட்டிறைச்சி போட்டுச் சாப்பாடு.

வாய் விஷயம்: சீக்கிரம் நிரப்புவதற்காக அப்படி. இது பஸ்ஸுக்கு நேராகப் போகிற தொட்டி இல்லை, நிலையத்தில் வைக்கிற தொட்டி.

அடுத்து ஒரு தலைவலி. உள்பக்கம் சூடாகிறது. சூட்டைத் தாங்குகிற ரப்பர் விரிப்பு ஒட்ட வேண்டும். இங்கே கிடைப்பது பொசுங்கிப் போகிறது. ரப்பர் நாட்டில் இருந்துகொண்டு நீ கை விரிக்க மாட்டாய் என்று நினைக்கிறேன். தெரிந்த ஆள், நம்பிக்கையான ஆள், சின்னத் தொழிற்சாலையாக இருந்தால் நல்லது. பெரிய கம்பெனிகள் ஆயிரம் கேள்வி கேட்பார்கள்.

அப்பாவுக்கு ஒரு கம்பளிப் போர்வை துபாய் வழியாக வரும்.

அன்புடன்,
அண்ணா


பிரிக்பீல்ட்ஸ்,
18 செப்டம்பர் 2022

அன்புள்ள அண்ணா,

போர்வை வந்தது. பிரிக்பீல்ட்ஸ் வெயிலில் கம்பளி! ஏர்கோனைப் பதினாறில் வைத்து அதைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் அப்பா. அவருக்கு மூச்சுத்தான் கொஞ்சம் வாங்குகிறது, மற்றபடி சுகம். நானும் சுகம்.

ரப்பருக்கு ஆள் கிடைத்துவிட்டார். பந்திங்கில் நாகையா என்று ஒருவர். எங்கள் தொழிற்சாலைக்கு வாஷர் போடுகிறவர். புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் ஆறு வேலையாட்களும் மட்டும்தான். மனைவி வாணிதான் ஆபீஸ். நல்ல சரக்கு. சொன்ன சொல் தவறாதவர். போய்ப் பார்த்தேன். "வெளிநாட்டுக்கெல்லாம் அனுப்பிப் பழக்கமில்லக்கா, பேப்பர் வேலை பயமா இருக்கு" என்றார். "எங்க அண்ணன்தான், பயப்படாதீங்க லா" என்றேன். உடனே சரி என்றுவிட்டார். மாதிரி விரிப்பு அடுத்த வாரம் துபாய்க்குப் புறப்படும். தாள்களை உங்கள் துபாய் அலுவலகமே தயார்செய்து அனுப்புகிறதாம், இவர் கையெழுத்துப் போட்டால் போதுமாம்.

ஏன் சூடாகிறது அண்ணா? ஹைட்ரஜனை அடைத்து வைத்தால் பொசுக்குகிற சூடு எங்கிருந்து வரும்?

நேரம் கிடைத்தால் எழுதுங்கள். தீபாவளிக்கு லீவு கேட்டுப் பாருங்கள். அப்பா வாய்விட்டுக் கேட்க மாட்டார்.

பிரேமினி


22 ஜனவரி 2023

பிரேமி,

சுகம். வலது கை பிசகிவிட்டது, இடது கையால் எழுதுகிறேன், அதனால் சுருக்கமாக.

ரப்பர் மிக நன்றாக இருக்கிறது. நாகையாவிடம் சொல். இன்னும் நிறைய வேண்டும். துபாய் ஆட்கள் அவரிடம் நேரே பேசுவார்கள், நீ அலைய வேண்டாம்.

நவம்பரில் இங்கே ஒரு விபத்து. சமையலறையில் காஸ். என்னோடு வேலை பார்த்த இரண்டு பேர் போய்விட்டார்கள். நல்ல பிள்ளைகள். ஒருவனுக்கு அந்த வாரம்தான் மகள் பிறந்திருந்தாள்.

தீபாவளிக்கு வர முடியவில்லை. அப்பாவிடம் நீயே ஏதாவது சொல்லிவிடு.

சிவேந்திரன்


பிரிக்பீல்ட்ஸ்,
5 மார்ச் 2023

அன்புள்ள அண்ணா,

கை எப்படி இருக்கிறது? பிசகிய கை இத்தனை வாரம் எழுத விடாதா? எக்ஸ்ரே எடுத்தீர்களா? உங்கள் கடிதத்தை அப்பாவிடம் காட்டவில்லை. எழுத்தைப் பார்த்தால் பயந்துவிடுவார். நானே வாசித்துக் காட்டினேன், விபத்தை விட்டுவிட்டு.

நான் சுகம். அப்பா சுகமில்லை. நுரையீரலில் நீர் சேருகிறது. இரண்டு முறை ஆஸ்பத்திரி போய் வந்தாயிற்று. டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ஃபேமிலி எல்லாரையும் வரச் சொல்லுங்க" என்றார். ஃபேமிலி என்றால் யார்? நீங்களும் நானும்தான். அம்மா போன பிறகு நம் வீட்டில் மூன்று பேர்தான்.

வாருங்கள் அண்ணா. ஒரு வாரம் போதும். துபாய் நம்பருக்குப் போன் செய்தேன். எடுத்தவன் மிக மரியாதையாகப் பேசினான். "உங்கள் அண்ணன் விடுமுறையில் இருக்கிறார்" என்றான். விடுமுறை என்றால் இந்நேரம் நீங்கள் வாசலில் வந்து நின்றிருக்க வேண்டாமா?

பிரேமினி


பிரிக்பீல்ட்ஸ்,
30 ஏப்ரல் 2023

அண்ணா,

அப்பா போன செவ்வாய்க்கிழமை காலை காலமாகிவிட்டார். வலி அதிகமில்லை. தோசை கேட்டார், அரைத் தோசை சாப்பிட்டார், கதிரையிலேயே சாய்ந்துவிட்டார்.

உங்களுக்காக இரண்டு நாள் வைத்திருந்தோம். துபாய்க்கு எத்தனை முறை அழைத்தேன் என்று எனக்கே தெரியாது. "செய்தியைச் சொல்லிவிட்டோம், மேடம்" என்றான் அந்த மரியாதைக்காரன். பிறகு சடங்கு செய்கிற ஐயர், "மகன் வருவாரா, வேற யாரும் கொள்ளி வைக்கிறதா?" என்று கேட்டார். நான் வைத்தேன். பந்திங்கிலிருந்து நாகையாவும் வாணியும் வந்து, கடைசிவரை நின்று, வந்தவர்களுக்குச் சாப்பாடு எடுத்துக் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

கோயிலில் எல்லோரும் ஒரே கேள்விதான். "அந்த பஸ் புரொஜெக்ட் மகன் எங்கே?"

என் சுகத்தைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

பிரேமினி


12 செப்டம்பர் 2023

அன்புள்ள தங்கைக்கு,

உன் கடிதம் போன வாரம்தான் என் கைக்கு வந்தது. துபாயில் யாரும் எனக்கு எதுவும் சொல்லவில்லை. வாசித்துவிட்டு வெளியே போய் நின்றேன். அழுகை வரவில்லை. பிறகு சாப்பாட்டு மேசையில் எல்லோர் முன்னாலும் வந்தது. நான் இருந்து செய்ய வேண்டியதை நீ செய்தாய். அந்தக் கடனை எனக்கு எப்படித் தீர்ப்பதென்று தெரியவில்லை. நீ சாப்பிடுகிறாயா? வீட்டில் தனியாக இருக்காதே, ஒரு பெண்ணை வாடகைக்குச் சேர்த்துக்கொள்.

இந்த நேரத்தில் கேட்கக் கூடாது. ஆனால் இங்கே குளிர்காலம் வருகிறது, எனக்கு வேறு யாரும் இல்லை. கடும் குளிரில் தொட்டி பல வாரம் வெளியே நின்றால் பசை இறுகி உடையுமா? உங்கள் பசையில் என்ன சேர்ப்பீர்கள்? இது கடைசிக் கேள்வி.

அப்பாவின் படம் ஒன்று அனுப்பு.

அண்ணா


பிரிக்பீல்ட்ஸ்,
17 மார்ச் 2024

சிவேந்திரன் அண்ணாவுக்கு,

ஆறு மாதமாக உங்கள் கடைசிக் கேள்விக்கு நான் பதில் எழுதவில்லை. அப்பாவின் படத்துக்கு முந்தி அந்தக் கேள்வியைக் கேட்டீர்களே, அதனால்தான். இன்றைக்கு எழுதுகிறேன், பசையைப் பற்றி அல்ல.

சனிக்கிழமை மத்தியானம் நம் தெருவில் வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்திருந்தேன். டிவியில் செய்தி. ஒரு நாடு ஏவுகணை விட்டிருக்கிறது. நடுத்தரத் தூரம் பாய்வது, ஆயிரத்தைந்நூறு கிலோமீட்டர் போய்க் கடலில் விழுந்ததாம். நாட்டின் பெயரை நான் எழுதவில்லை. கையெழுத்துப் போட்டிருக்கிறீர்களே, உங்களுக்குச் சிரமம் வேண்டாம். மேசைக்கு மேசை ரசம் ஊற்றிக்கொண்டிருந்த பையன் டிவியைப் பார்த்து, "வாவ், நெருப்பப் பாருண்ணே" என்றான். அடுத்து அது செய்யப்பட்ட இடத்தைக் காட்டினார்கள். கறுப்பாக, நீளமாக, கட்டிலில் கிடத்தியதுபோல ஒன்று சுற்றிக்கொண்டிருந்தது. கழுத்தில் அகலமாக, அசிங்கமாக ஒரு பட்டை. ஒரு பக்கம் குடையளவு வாய்.

என் கையில் பிசைந்த சோறு இருந்தது. அதை அப்படியே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

நெருப்பு வருகிற வாய் அது. வாயுவை நிரப்புகிற வாய் இல்லை. உள்ளே ஏன் சூடு என்று கேட்டேன். நீங்கள் பதிலே சொல்லவில்லை, நானும் பிறகு கேட்கவில்லை.

கடைசியில் வெள்ளைக் கோட்டும் முகமூடியும் தொப்பியுமாக ஒரு வரிசை ஆட்கள் கை தட்டினார்கள். எல்லோரும் ஒரே மாதிரி. இடப்பக்கத்திலிருந்து நாலாவது ஆள் மட்டும் ஒரு மாதிரித் தட்டினார். வலது கையில் இரண்டு விரல் இல்லை. பிசகிய கை. சமையலறைக் காஸ்.

திங்கட்கிழமை பந்திங்கில் நாகையாவைப் போலீஸார் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். துபாய் போன ரப்பர் சுருள் வேறொரு துறைமுகத்தில் பிடிபட்டிருக்கிறது. தாளில் 'பஸ் தரை விரிப்பு' என்று இருந்ததாம். உங்கள் அலுவலகம் தயார் செய்த தாள், கீழே நாகையாவின் கையெழுத்து. இப்போது சுங்கை பூலோ சிறையில் வைத்திருக்கிறார்கள். தொழிற்சாலைக்குப் பூட்டு. வாணி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, உங்க அண்ணன்கிட்ட பேசுங்க. அவரு ஒரு வார்த்த சொன்னா விட்டுடுவாங்கல்ல?" என்று அழுதாள்.

என்னையும் கூப்பிட்டு விசாரித்தார்கள். அந்தக் கை தட்டும் படத்தைப் பெரிதாக்கி மேசையில் வைத்து, "இதில் உங்களுக்குத் தெரிந்தவர் யாராவது இருக்கிறார்களா?" என்று கேட்டார்கள். இல்லை என்றேன். உங்களுக்காகப் பொய் சொன்னேன்.

அதனால் இப்போது கேட்கிறேன். ஒரே ஒரு தாள் எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். நாகையாவுக்கு எதுவும் தெரியாது, எதற்கென்று நான் சொல்லவில்லை, ஏமாற்றித்தான் வாங்கினேன் என்று. அது போதும்.

இன்னொன்று. தமிழில் எழுது, இங்கே யாராலும் படிக்க முடியாது என்றீர்களே. யாராலும் படிக்க முடியாது என்றால், என்னிடம் உண்மையை எழுத உங்களுக்கு எது தடையாக இருந்தது?

பிரேமினி


26 மே 2024

அன்புள்ள பிரேமிக்கு,

நீ நலமாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். உன் கோபம் எனக்குப் புரிகிறது.

நீ கேட்ட தாளை என்னால் எழுத முடியாது. எழுதினால் இங்கே என் கதி என்ன என்று உனக்குத் தெரியும். நாகையாவுக்குப் பெரிதாக ஒன்றும் ஆகாது, சின்ன வியாபாரி, கொஞ்ச நாள் வைத்திருந்து விட்டுவிடுவார்கள். நல்ல வக்கீலாகப் பார்க்கச் சொல்.

நீ நினைப்பதுபோல என்னை யாரும் கட்டி வைக்கவில்லை. முதலில் எனக்கும் தொட்டி என்றுதான் சொன்னார்கள். மூன்றாம் மாதம் தெரிந்தது. அப்போதே கிளம்பியிருக்கலாம். கிளம்பி எங்கே வருவது? பிரிக்பீல்ட்ஸ் வீட்டில் பேப்பர் வாசித்துக்கொண்டு உட்காரவா? இங்கே நான் ஒன்றைச் செய்தேன் பிரேமி. அது எழும்பிப் போனபோது நிலம் நடுங்கியது. இதை யார் மேலும் போட மாட்டார்கள். வைத்திருப்பதே, யாரும் இவர்கள் மேல் கை வைக்காமல் இருப்பதற்குத்தான். இது உனக்கும் புரியும்.

கோபித்துக்கொள்ளாதே, ஒன்று சொல்கிறேன். நீயும் தெரிந்துதான் எழுதினாய். வாயைப் பற்றி ஒரு தடவை கேட்டாய், சூட்டைப் பற்றி ஒரு தடவை கேட்டாய். பதில் வராதபோது நாகையாவை நிறுத்தினாயா? இரண்டாவது சுருள் போனது, மூன்றாவது போனது. உன்னைப் போல மூளையுள்ளவளுக்கு இதற்கு மேலா ஒருவர் சொல்ல வேண்டும்? உனக்கும் அந்தத் தொட்டி தாங்க வேண்டும் என்று ஆசை இருந்தது.

மேலதிகாரியிடம் உன்னைப் பற்றி முழுவதும் சொல்லிவிட்டேன். இப்போது நம்புகிறார். அறிக்கையில் உன் பெயர் என் பெயருக்குப் பக்கத்தில் இருக்கிறது. அங்கே தொந்தரவு கூடினால் துபாய்க்கு மட்டும் வந்து சேர், மற்றதை இவர்கள் பார்த்துக்கொள்வார்கள். வீடு, தனி ஆய்வுக்கூடம், ஐம்பது பேர். கிள்ளானில் உனக்கு ஒருகாலும் கிடைக்காத மரியாதை.

யோசி.

உன் அண்ணா


பிரிக்பீல்ட்ஸ்,
14 ஜூலை 2024

சிவேந்திரன் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்று அதை ஒரே தடவைதான் வாசித்தேன். போதுமாக இருந்தது.

கிள்ளானில் என்னை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். விசாரணை முடியும்வரை என்று சொல்கிறார்கள், ஆனால் என் அறைக்கு வேறு ஆள் வந்தாயிற்று. எனக்குக் கீழே இருந்த பன்னிரண்டு பேரில் ஒருத்தி மட்டும் போன் செய்தாள். என் தோடு ஒன்று மேசை இழுப்பறையில் கிடக்கிறது, தபாலில் அனுப்பட்டுமா என்று கேட்டாள்.

நாகையாவை ஜூன் கடைசியில் ஜாமீனில் விட்டார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வாணியோடு என்னைப் பார்க்க வந்தார். பாதியாக இளைத்திருந்தார். உள்ளே வரச் சொன்னேன், வந்தார். கதிரையைக் காட்டினேன், உட்காரவில்லை. கோப்பி போடப் போனேன்.

"கோப்பி வேணாங்கா" என்றார். "ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போயிடறேன். உள்ள இருந்தப்ப இதத்தான் நெனச்சிக்கிட்டு இருந்தேன். உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

தெரியாது என்று சொல்லத்தான் வக்கீல் சொல்லிக் கொடுத்திருந்தார். அதிகாரிகளிடமும் அப்படித்தான் சொன்னேன், நம்பினார்கள். இவரும் நம்பியிருப்பார். நம்புவதற்காகத்தான் பந்திங்கிலிருந்து வந்திருந்தார்.

"பாதி தெரியும்" என்றேன். "படத்த பாத்தப்பவே ஒரு மாதிரி இருந்திச்சு. ரப்பர் கேட்டப்ப இன்னும் ஒரு மாதிரி. அண்ணன்கிட்ட கேட்டேன். அவரு பதில் சொல்லல. மறுபடி நான் கேக்கல."

"ஏன் கேக்கல?"

"கேட்டா சொல்லிடுவாரோன்னு பயம்."

வாணி கதவைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பாவின் சாவு வீட்டில் எனக்கு முதல் வாய்ச் சோறு ஊட்டியவள் அவள்.

நாகையா சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நல்லது. "நான் உங்கள ஒரு தடவகூட கேக்கலியேக்கா" என்றார். "அக்கா சொன்னா சரியாத்தான் இருக்கும்னு கையெழுத்துப் போட்டேன்." இரண்டு பேரும் படியிறங்கிப் போய் மோட்டார்சைக்கிளில் ஏறிவிட்டார்கள். திரும்பிப் பார்ப்பார்கள் என்று மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

நீங்கள் எழுதியது சரி. எனக்கும் அந்தத் தொட்டி தாங்க வேண்டும் என்று ஆசை இருந்தது. நீங்கள் கேட்டீர்களே என்றுதான் அந்த ஆசை. வேறு யார் கேட்டிருந்தாலும் வாயைப் பார்த்தவுடனே படத்தைக் கிழித்துப் போட்டிருப்பேன். அது உங்களுக்குத் தெரிந்திருந்தது. என்னைப் பற்றி இந்த உலகத்தில் அது தெரிந்த ஒரே ஆள் நீங்கள்தான், அதைத்தான் எடுத்து உபயோகித்தீர்கள். வீடும் ஆய்வுக்கூடமும் தருவதாக எழுதியிருக்கிறீர்கள். வரமாட்டேன்.

யார் மேலும் போட மாட்டார்கள் என்று எழுதினீர்கள். டிவியில் அந்த ஆயிரத்தைந்நூறு கிலோமீட்டருக்கு ஒரு வட்டம் போட்டுக் காட்டினார்கள் அண்ணா. அதற்குள் எத்தனை ஊர்ப் பெயர்கள்! நான் சிவப்பில் திருத்திக் கொடுத்தது அந்த ஊர்கள் வரைக்கும் போகும்.

நாகையா வந்து போன மறுநாள் காலையில் நானாகவே போலீஸ் தலைமையகத்துக்குப் போனேன். வக்கீலிடம் சொல்லவில்லை. போன முறை என்னை விசாரித்த அதே அதிகாரிதான் இருந்தார், இன்ஸ்பெக்டர், நம் வயதுதான் இருக்கும். "மறுபடி ஏதாவது நினைவுக்கு வந்ததா, மேடம்?" என்று கேட்டார். எனக்குப் பாதி தெரியும் என்பதைச் சொன்னேன். நாகையாவுக்கு ஒன்றுமே தெரியாது என்பதைச் சொன்னேன். நீங்கள் மூன்றாம் மாதமே தெரிந்துகொண்டதைச் சொன்னேன். மலையடிவாரம், ரொட்டி, நவம்பர் விபத்து எல்லாவற்றையும். அவர் எழுதிக்கொண்டே வந்தார். இடையில் எனக்குத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார்.

பிறகு அந்தப் படத்தை மறுபடி எடுத்து என் முன்னால் வைத்தார். வெள்ளைக் கோட்டு, முகமூடி, தொப்பி. இத்தனை மாதம் அவர்கள் யார் யாரையோ வைத்துப் பார்த்தும் ஒருவரையும் பிரித்தறிய முடியவில்லையாம். பெயர் கிடைத்தால் போதாது, அந்தப் பெயருக்குரிய ஆள் இங்கேதான் நிற்கிறார் என்று தெரிந்தவர் ஒருவர் காட்ட வேண்டும், அப்போதுதான் எந்த நாட்டு விமான நிலையத்தில் இறங்கினாலும் பிடிக்கலாம் என்றார்.

"இவர்களில் யார் உங்கள் அண்ணன்?"

இனி நீங்கள் நாட்டுக்குத் திரும்பி வர முடியாது என்று எனக்குத் தெரியும். அப்பாவின் திவசத்துக்கும் வர முடியாது, நான் செத்துப் போனாலும் வர முடியாது. கொஞ்ச நேரம் அந்தக் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இடப்பக்கத்திலிருந்து நாலாவது ஆள் மேல் விரலை வைத்தேன்.

பிரேமினி கனகசபை